நாலாவது மாடி வாசல்

போனக்காடு
12 டிசம்பர் 2025

அன்புள்ள விஷ்ணு,

நலம். நீ நலமா? இங்கே எஸ்டேட்டில் செல்போன் டவர் போய்ப் பத்து நாளாகிறது, அதனால்தான் கடிதம். இதனுடன் என் கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, வித்துராவில் மண்டபம். நீ முந்தின நாளே வந்து பெண்ணறையில் என்னோடு தங்க வேண்டும்.

பத்திரிகை தபாலில் வந்ததற்கு வருத்தப்படாதே. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைப்பதுதான் எங்கள் வழக்கம். பத்து வருஷமாகப் பேச்சில்லாத சித்தப்பா வீட்டுக்குக்கூட அப்பா அப்படித்தான் போய் வந்தார். நாம் சேர்ந்து தங்கியிருந்த கழக்கூட்டம் வீட்டுக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறார். அவருக்கு அபார்ட்மென்ட் என்றாலே கூச்சம். மே மாதம் பலாப்பழச் சாக்கை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, என்னைக்கூடப் பார்க்காமல் திரும்பியவர்தானே.

நான் வேலையை விட்டு வந்த பிறகு வெளியான ஆபீஸ் ஓணம் மலரை ஷீஜா அனுப்பியிருந்தாள். 'பாண்டி' என்ற சொல்லைப் பற்றி நீ எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மலைக்கு அந்தப் பக்கம் பாண்டிய நாடு, அங்கிருந்து வந்தவன் பாண்டி, ராஜாவின் பேர் கூலிக்காரன்மேல் ஏறியபோதுதான் வசையாயிற்று என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். யார் எழுதியது என்று கேட்டார். என் விஷ்ணு என்றேன், பெருமையாக. மலரை வாங்கி மூடி வைத்தார். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றார்.

பள்ளிக்கூடத்தில் என்னை அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார்கள். உன் கட்டுரையைப் படித்த அன்றுதான் அந்த நாட்களை அழாமல் நினைக்க முடிந்தது.

அவசியம் வா.

உன் செல்வி


கழக்கூட்டம்
20 டிசம்பர் 2025

அன்புள்ள செல்வி,

பத்திரிகை வந்தது. உன் அப்பா ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் உன் கல்யாணத்தில் வந்து இலை முன்னால் உட்கார முடியாது.

பலாப்பழம் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தாய். ஆபீஸிலிருந்து ஷீஜாவும் ஷெமியும் சாப்பிட வந்திருந்தார்கள். காலிங் பெல் அடித்தது, நான்தான் கதவைத் திறந்தேன். தலையில் துண்டு, மடித்துக் கட்டிய கைலி, தோளில் சாக்கு. அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஷீஜா, "ஆராடீ?" என்றாள்.

"ஒரு பாண்டியா, எந்தோ விக்கான் வந்நதா" என்றேன். யாரோ பாண்டிக்காரன், எதையோ விற்க வந்திருக்கிறான் என்று. அவர் முகத்துக்கு நேரே. அவருக்கு மலையாளம் புரியாது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய்; நினைக்கவே இல்லை.

அவர் சாக்கை மெதுவாக இறக்கிச் சுவரோரம் வைத்தார். செல்வியிடம் கொடுத்துவிடும்படி தமிழில் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அப்போதுதான் அது உன் மேஜைமேல் இருக்கும் படத்து முகம் என்று தெரிந்தது. பின்னால் ஓடியிருக்கலாம். கதவைச் சாத்தினேன். நீ வந்ததும், வாட்ச்மேன் கொண்டுவந்து வைத்தான் என்றேன். அந்தப் பலாச்சுளைகளை உன்னோடு உட்கார்ந்து நானும் தின்றேன்.

எங்கள் வீட்டிலும் தமிழ்தானே பேசுகிறோம். ஏழாம் வகுப்பில் ஒருத்தி என்னைப் பாண்டி என்றாள். நான் பாண்டி இல்லை, கோயில் தெருப் பட்டர் வீட்டுப் பெண் என்று அழுதேன். அந்தச் சொல் தப்பு என்று சொல்லவில்லை, ஆள் தப்பு என்றுதான் சொன்னேன். என் முன்னோரும் உன் தாத்தாவும் ஒரே திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலை தாண்டி வந்தவர்கள். என்னுடையவர்கள் கோயில் வேலைக்கு, உன்னுடையவர்கள் தேயிலைக்கு. இது தெரிந்தும்தான் சொன்னேன்.

அந்தக் கட்டுரைக்காக எத்தனையோ புத்தகங்களைப் புரட்டினேன். அதில் 'சொல்கிறவர்கள்' என்று எழுதினேன். 'நான்' என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அதை உன் அப்பா திரும்பப் படிக்கச் சொன்னார் என்ற வரிக்கு மேல் உன் கடிதத்தை இரண்டு நாள் என்னால் படிக்க முடியவில்லை.

அவரிடம் இதைப் படித்துக் காட்டு. மன்னிப்பு என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

விஷ்ணு


போனக்காடு
3 ஜனவரி 2026

விஷ்ணுப்ரியாவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு முழுக்கப் படித்தேன். கேட்டுவிட்டு, "நான் மேல ஏறவே இல்லியே புள்ள. வாட்ச்மேன்கிட்டல்லா குடுத்தேன். அந்தப் பிள்ள வேற யாரையோ நெனச்சிட்டு மனசக் கெடுத்துக்கிடுது" என்றார்.

அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால் அவரைத்தான் நம்பினேன். பிறகு அம்மா அடுப்படியில் வைத்துச் சொன்னாள். மே மாதம் ஊருக்குத் திரும்பியதும் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னாராம். வாட்ச்மேன் லிஃப்டில் ஏற விடவில்லை, சாக்கோடு நாலு மாடி ஏறினேன் என்றாராம். மேலே என்ன நடந்தது என்று அம்மாவிடமும் சொல்லவில்லை.

அந்தச் சொல்லை நான் மறந்துவிடுவேன், சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். வாட்ச்மேனிடமா கொடுத்தீர்கள் என்று அன்று போனில் கேட்டதற்கு ஆமாம் என்றவர், உனக்காக இத்தனை மாதம் என்னிடமே பொய் சொல்லியிருக்கிறார். அதை மறக்க முடியுமா என்று தெரியவில்லை.

பத்திரிகை தபாலில் வந்ததற்கு வருத்தப்படாதே என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடு.

வராதே என்று சொல்ல மாட்டேன். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு அப்பாதான் நிற்பார். நான் உள்ளே பெண்ணறையில் இருப்பேன். யார் வந்திருக்கிறது என்று அங்கிருந்தே கேட்பேன். "நம்ம புள்ளதான்" என்று அவர் சொல்வார்.

அதைக் கேட்டுக்கொண்டு அந்த வாசலில் உன்னால் நிற்க முடியுமென்றால், வா.

பொன்செல்வி