கதிரில் நின்ற பார்லி

லாசால்
8.3.2007

அன்பின் ஆரூரனுக்கு,

நானும் மகளும் சுகம். அல்பெர்ட்டாக் குளிரில் வேலைக்குப் போகும்போது இரண்டு காலுறை போடுகிறீர்களா என்று கேட்டால்தான் சொல்வீர்கள்.

டவுன்டவுனில் நான் துப்புரவு வேலை செய்கிற பல்கலைக்கழகத்தில் ஒரு பிழை விட்டேன். தொல்லியல் ஆய்வுகூடத்தில் ஊத்தையோடு ஒரு அம்மிக்கல் கிடந்தது. அரைத்த அம்மியைக் கழுவாமல் விடுகிற பழக்கம் நமக்கு ஏது? தேய்த்துக் கழுவி வைத்தேன். அது ஒன்பதாயிரம் வருடத்துக் கல். அதில் என்ன தானியம் அரைத்தார்கள் என்பது அந்த ஊத்தையில்தான் இருந்ததாம். பேராசிரியை தலையில் கை வைத்துவிட்டார். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது, அரைத்தவள் இடக்கைக்காரியாக இருக்கலாம் என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் அழுதபடி சொன்னேன். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது வாரத்தில் மூன்று நாள் அங்கே அந்தக் காலத்து மண்ணிலிருந்து கருகிய விதை தெரிந்தெடுக்கிறேன்.

காட்டில் பொறுக்கித் தின்று நடந்த மனிதர்கள், விதைத்து ஓரிடத்தில் இருந்தபின் உயரம் குறைந்து கட்டையானார்களாம், பல்லும் சூத்தையானதாம்.

வாடகை வீட்டுக்காரரின் கடிதம் இன்று வந்தது. ஜூலையிலிருந்து இன்னொரு வருடம் இருக்கிறோமா என்று ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். என்ன செய்ய?

உங்கள் ஜெகதீஸ்வரி

அல்பெர்ட்டா
20.3.2007

என் ஜெகாவுக்கு,

கல்லைக் கழுவினவளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள், நல்ல ஊர்தான். இருந்தவர்கள் கட்டையானார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். நடந்தவர்கள்தான் தப்பினார்கள்.

வீடு வேண்டாம் என்று எழுதிவிடு. ஜூன் முடிய, சாமான் ஏற்ற ஒரு வான் பிடித்து வந்து கூட்டிப்போகிறேன். பிராங்க்பர்ட்டிலும் ரொறன்ரோவிலும் இப்படித்தான் பயந்தாய், பிறகு பழகிவிட்டாய். எனக்கு ஓரிடத்தில் இரண்டு வருடம் போனால் மூச்சு முட்டுகிறது. கொழும்பில் லொட்ஜில் ஒளிந்திருந்த நாளிலிருந்து கதவைப் பார்த்தபடிதான் நித்திரை. இதுவரை ஒருவருக்கும் இதைச் சொன்னதில்லை.

ஆரூரன்

லாசால்
10.4.2007

அன்பின் ஆரூரனுக்கு,

கதவைப் பற்றி எழுதிய இடத்தில் அழுதேன். கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இப்போதுதான் சொல்லியிருக்கிறீர்கள்.

காட்டுப் பார்லி முற்றினால் தானாகக் கொட்டிவிடும். கொட்டாமல் கதிரில் நின்ற சிலதுதான் கல் அரிவாளில் அகப்பட்டு வீட்டுக்கு வந்தது. அதையே விதைத்தார்கள். தானாக விழுந்த விதையின் அடிப்பக்கம் வழுவழுப்பு, கதிரில் நின்று அடித்துப் பிரித்ததின் அடிப்பக்கம் பிய்ந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்து இரண்டையும் பிரிப்பதுதான் என் வேலை. நல்ல கை என்கிறார்கள். என்னை இதுவரை யாரும் எதற்கும் அப்படிச் சொன்னதில்லை.

ஓம், அவர்கள் கட்டையானார்கள். முழந்தாளிட்டு இருந்து அரைத்தரைத்துப் பெண்களின் கால்விரல் எலும்பும் பழுதானதாம். பிறகேன் திரும்பி நடக்கவில்லை என்று கேட்டேன். ஒருவரும் ஒரே நாளில் முடிவெடுக்கவில்லை, இருப்பதும் போவதுமாக ஆயிரக்கணக்கான வருடம் போனது என்றார் பேராசிரியை. எனக்கு அவ்வளவு காலம் இல்லை.

துஷிக்கு எட்டு வயதில் இது மூன்றாவது பள்ளிக்கூடம். பெட்டியைக் கீழே இறக்கினாலே காய்ச்சல் வருகிறது. "நான் இனி ஒரு இடமும் வரேல்லை அம்மா. நீங்களும் அப்பாவும் போயிட்டு வாங்கோ" என்றாள்.

வீட்டுக்காரருக்கு நான் எழுதவில்லை. எட்டாந் திகதியோடு அந்த ஒரு மாதத் தவணை முடிந்தது. இங்கே எழுதாவிட்டால் இன்னொரு வருடம் இருக்கிறோம் என்றுதான் சட்டம். உங்களிடம் மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதனால் அவருக்கு எழுதாமல் விட்டேன்.

இருக்க வருவதென்றால் நாளைக்கே வாருங்கள். கதவுப் பக்கம் நான் படுக்கிறேன். கூட்டிப்போக வர வேண்டாம்.

ஜெகதீஸ்வரி