லயத்துச் சுவரில் ஒரு கை

அன்புள்ள அக்கா,

போன் அப்பாவிடம் இருக்கிறது. அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

லிந்துலையில் ஒரு வாரமாக மழை. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மேடு சரிந்து, நம் ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவர் வெடித்துவிட்டது. காலி செய்யச் சொன்னால் வேறு இடம் தரமாட்டார்கள் என்று அப்பா வெடிப்பின் மேல் மாரியம்மன் படத்தை மாட்டிவிட்டார். இன்று மண்சரிவைச் சோதிக்க வந்த ஆபீசர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தியா, ஆத்தா வீட்டக் காப்பாத்திட்டா" என்று அப்பா சிரித்தார்.

"சொவத்தையும் அவளே புடிச்சுக்குவாளா?" என்றார் அம்மா.

சற்றுமுன் படத்தை நகர்த்தி டார்ச் அடித்தேன். அக்கா, சாந்து உதிர்ந்த இடத்தில், கருங்கல்லுக்கு நடுவே பூசிய மண்ணில் விரல் தடங்கள் அப்படியே இருக்கின்றன! நேற்றுப் பூசியது போல. லயம் கட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெரிய தடங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உள்ளங்கை. என் கையை வைத்தேன். சரியாகப் பொருந்தியது. காடாக இருந்த மலையில் நமக்கு முதல் சுவர் எழுப்பியவர்களில் என் வயதுப் பிள்ளையும் இருந்திருக்கிறது.

கையை எடுத்ததும் அந்தத் தடம் முழுதாகப் பெயர்ந்து என் மடியில் விழுந்தது. மண் சொதசொதவென்று ஈரம். அதிலிருந்து பயமாக இருக்கிறது.

நாளை ஆபீசர் கீழ் லயத்துக்கு வருகிறார். நானே கூட்டி வந்து படத்தை நகர்த்திக் காட்டப் போகிறேன். இது உனக்குக் கிடைக்கும்போது நாங்கள் வீட்டைக் காலி செய்து பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருப்போம். அப்பா கோபமாக உனக்குப் போன் எடுப்பார். என் பக்கம் பேசு.

அந்த மண்ணில் கொஞ்சம் இதற்குள் மடித்திருக்கிறேன். பத்திரம்.

உன் தங்கச்சி