சிலுவை போடாத மெயில் நமக்கு

என் சவரிக்கு,

'அன்புள்ள கணவருக்கு' என்று ஆரம்பித்தால், யாருக்கோ வந்தது என்று நீ தள்ளி வைத்துவிடுவாய். உன்னை நான் வாங்க, போங்க என்று கூப்பிட்டதெல்லாம் உங்க அம்மா இருந்த வரைக்கும்தான், அதுவும் அவங்க காதில் விழுகிற மாதிரி. மற்ற நேரமெல்லாம் 'யோவ்'தான். அதனால் யோவ், கேள். வீட்டுச் சேதி ஒன்று சொல்லணும்.

நீ போய் ஒரு வருஷம் ஆச்சு, கோயிலில் உனக்கு வருஷத் திருப்பலியும் வைத்து முடித்தாயிற்று. ஹார்பர் லாரிகள் இன்னும் நம் தெரு முனை வரைக்கும் வந்து நின்று ஹாரன் அடித்து உயிரை வாங்குகின்றன. நான் இன்னும் பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்கும்போது போடுகிற புதுநன்மை கவுன்தான் தைக்கிறேன். கேரம் போர்டு நீ சாய்த்து வைத்த சுவரிலேயே இருக்கிறது, உன்னோடு ஆடின காதர் பாய் வந்தால் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் உட்காருகிறார். சேதி இதெல்லாம் இல்லை. நம் மெயில் நிரம்பிவிட்டது.

அந்த மெயிலை ஆரம்பித்த நாள் ஞாபகம் இருக்கா? நம் பொண்ணு ஜெனியின் காலேஜில் மெயில் முகவரி கேட்டார்கள் என்று காதர் பாய் தன் கிளியரிங் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உண்டாக்கிக் கொடுத்தார். ஆளுக்கு ஒன்றா என்று அவர் கேட்டதற்கு, புருஷன் பொண்டாட்டிக்கு எதுக்கு ரெண்டு என்று நீதான் பெருந்தன்மையாகச் சொன்னாய். நம் இரண்டு பேரையும் ஒட்டவைத்து ஒரே முகவரி. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்தப் பெருமை ஸ்டெல்லாவால் போச்சு. மஸ்கட்டில் இருந்து என் தங்கச்சி அவள் மாமியாரைப் பற்றி என்னிடம் அழுது எழுதியதை நீ முதலில் திறந்து படித்தாய். படித்ததோடு விட்டாயா? 'கவலப்படாத ஸ்டெல்லா, மச்சான் கீறேன்' என்று பதிலும் போட்டாய். பாசம்தான், யார் இல்லை என்றது? அவள் வெட்கத்தில் குன்றிப்போனாள். மச்சான் படிக்கிற மெயிலுக்கு இனிமேல் எழுதமாட்டேன் என்று சொல்லி, ரொம்ப நாள் எழுதவே இல்லை. நானும் உன்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ காசிமேட்டில் இருந்து வஞ்சிரம் வாங்கி வந்து வைத்தும் பேசவில்லை.

கடைசியில் காதர் பாய்தான் வழி கண்டுபிடித்தார். முகவரிக்குள்ளேயே ஒரு கூட்டல் குறி போட்டு, பின்னால் உன் பேரோ என் பேரோ சேர்த்தால் அந்த மெயில் தானாக அவரவர் பக்கத்துக்குப் போய்விடும். உனக்கு நீலம், எனக்கு சிவப்பு. எத்தனை படிக்காமல் கிடக்கிறது என்று பக்கத்திலேயே எண் காட்டும். ஒருத்தர் பக்கத்தை இன்னொருத்தர் திறக்கக்கூடாது. குறி எதுவும் இல்லாமல் வருவது நடுவில் நிற்கும், அதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் திறக்கணும். உன் அம்மா படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்த மாதிரி அல்லவா பேசி முடித்தோம்!

அந்தக் குறியை நான் சிலுவை என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? 'நடுவுல ஒரு சிலுவை போட்டு என் பேரு போடு' என்றால் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரிந்தது. ஸ்டெல்லா மட்டும் சிலுவை மாதிரி இருக்கிறதே என்று ஆங்கில 't' எழுத்தைப் போட்டு அனுப்பி, அது எங்கேயோ போய்த் தொலைந்தது. நீ சிரித்த சிரிப்பில் மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் ஒரு வழக்கம் வந்தது பார், அதுதான்யா எனக்கு இப்போது தாங்கவில்லை. நீ என் பக்கத்தைத் திறந்ததே இல்லை. ஆனால் காலையில் டீ டம்ளரோடு உட்கார்ந்து என் எண்ணைப் பார்த்துக் கத்துவாய்: "பிலோ, உனக்கு ரெண்டு வந்துகீது! நான் தொறக்கல!" தபால்காரன் தோற்றான். ஒன்றுமில்லாத நாளில் ஏதோ உன் தப்பு மாதிரி, இன்னிக்கு இல்லம்மா என்று மெதுவாகச் சொல்வாய்.

நீ போன பிறகும் உன் பக்கத்து எண் ஏறிக்கொண்டே இருந்தது. இல்லாதவனுக்கு இத்தனை பேர் எதற்கு எழுதுகிறார்கள்? விளம்பரமா, யூனியன் சங்கதியா, கேரம் கிளப்பா? நான் திறக்கவில்லை. எண்ணை மட்டும் பார்ப்பேன்.

போன வாரம் ஸ்டெல்லா போன் செய்தாள். அனுப்பியதெல்லாம் திரும்பி வருகிறதாம். மாத்தூரில் இருந்து ஜெனி வந்து பார்த்துவிட்டு, இடமே இல்லை, இப்படியே விட்டால் கவுன் ஆர்டர் ஒன்றுகூட வராது என்றாள். அவள் சொன்ன வழி சுலபமானது. "அம்மா, அப்பா பக்கத்தை மொத்தமா அழிச்சிடு. யாரு படிக்கப் போறா?" அவள் கெட்ட மனசோடு சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

எனக்குக் கை வரவில்லை. மண்ணில் உன்னை வைத்தது வேறு. அது மற்றவர்கள் செய்தது, இது என் விரல் செய்ய வேண்டியது. ஆனால் தையல்தான் சோறு. அழிக்காமல் எத்தனை நாள் ஓட்டுவது? மனசைக் கல்லாக்கிக்கொண்டு காதர் பாயைக் கூப்பிட்டேன், நீங்களே அழித்துவிடுங்கள் அண்ணே என்றேன்.

அவர் எதையும் திறக்காமல், பெரிய மெயில் எதெது என்று தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, அவன் எடத்தயே புடிக்கல. மொத்தமும் நீதான் அடைச்சிகினு கீற."

கவுன் போட்டோ, யோவ்! வருஷக்கணக்காக வந்த கவுன் போட்டோ, லேஸ் போட்டோ, கிரீடம் வைத்த பிள்ளைகளின் வீடியோ. உன் பக்கம் ஒரு ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது, இந்த வீட்டில் நீ இருந்த மாதிரியே. எனக்கு வந்த சந்தோஷத்தில் காதர் பாய்க்கு டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவரும் சொல்லாமல் குடித்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து என் பக்கத்தில்தான் அழித்தேன். உன்னுடையது ஒன்றுகூடப் போகவில்லை.

மறுநாள் ஸ்டெல்லாவுக்கு போன் செய்து, இப்போது அனுப்பு என்றேன். சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், எண் மாறவில்லை. மறுபடியும் எழுத்தைப் போட்டுத் தொலைத்துவிட்டாளா என்று திட்டிக்கொண்டே பார்த்தால், மெயில் நடுவில் நிற்கிறது. அவள் சின்னவனுக்குப் புதுநன்மை. மேலே தெரிந்த முதல் வரி இதுதான்:

'அக்காவுக்கும் மச்சானுக்கும். வேணும்னேதான் சிலுவை போடல. மச்சானும் படிக்கட்டும்.'

நடுவில் வந்ததை நான் மட்டும் எப்படித் திறப்பது? உன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னை மாதிரியே கத்தினேன்: "சவரி, நமக்கு ஒண்ணு வந்துகீது!" அப்புறம்தான் திறந்தேன். படிக்க முடியாதபடி கண்ணில் தண்ணீர். நீயே படித்திருப்பாய்.

உன் பக்கத்தை என் உயிர் இருக்கிற வரைக்கும் திறக்கமாட்டேன், யாரையும் அழிக்கவும் விடமாட்டேன். தினமும் காலையில் டீயோடு உட்கார்ந்து உன் எண்ணைச் சத்தமாகச் சொல்வேன். இன்றைக்கு உனக்கு மூன்று வந்துகீது. நான் தொறக்கல.

இப்படிக்கு,
உன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்து,
உன் வூட்டுக்காரி பிலோ