இந்த முறை வெருகலுக்கு அம்மா

என் ஆசை அப்பா,

நீங்கள் இருக்கும் இடத்தில் ஆவணி மாதம் வருமோ தெரியாது. இங்கே வந்துவிட்டது. கச்சான் காற்று முற்றத்து மண்ணை அள்ளிக் குசினிக்குள் கொட்டுகிறது. வெருகல் கோயிலில் கொடி ஏறிவிட்டது. நாளை விடிய உங்கள் பாதயாத்திரைக் கூட்டம் வழமைபோலத் திருகோணமலையிலிருந்து நடக்கத் தொடங்குகிறது.

கூட்டத்தோடு அம்மாவும் போகிறார். நடந்து.

சிரிக்காதீர்கள். முதலில் நானும் சிரித்தேன்.

உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்து, வந்த சனம் எல்லாம் போன பிறகு, அம்மா பெரிய பானையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "இந்த முறை நான் வெருகலுக்குப் போகப் போறன்."

"போவம் அம்மா. வான் பிடிப்பம்."

"வான் வேண்டாம். நடந்து போகப் போறன்."

நான் பெரிய விளக்கம் கொடுத்தேன். அம்மாவின் பிரசர், முழங்கால், கிண்ணியா தாண்டினால் நிழலே இல்லாத வெயில். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நாள் முழுக்க பிரசர் குளிசை எண்ணிக் கொடுக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். மட்டக்களப்பிலிருந்து அக்காவும் போனில் என் பக்கமே நின்றாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, பாப்பம்" என்றார்.

அம்மா "பாப்பம்" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் மறந்துபோனது.

அதன்பிறகு அந்தக் கதையே வரவில்லை. காலையில் நான் எழும்பும்போது அம்மா வீட்டில் இருக்க மாட்டார். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வேலையிடத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: "உங்கட அம்மா ஒவ்வொரு நாளும் உட்துறைமுக வீதியால அவ்வளவு வேகமா எங்க போறவா? விடிய பஸ்ஸில வரேக்க காணுறனான்."

அடுத்த நாள் நானும் அந்தப் பக்கம் போனேன். விடிய வெளிச்சம் அப்போதுதான் துறைமுகத் தண்ணீரில் விழத் தொடங்கியிருந்தது. தூரத்தில் அம்மா வந்துகொண்டிருந்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, செருப்பைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலில். பின்னால், நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க ஓடாக்குறையாக வந்தவர் பக்கத்து வீட்டுப் பரீதா அன்ரி.

என்னைக் கண்டதும் அம்மா நின்றுவிட்டார். பரீதா அன்ரி வீதியோரக் கட்டின்மேல் தொப்பென்று இருந்தார்.

"நல்ல காலம் நீ வந்தனி, மகள்" என்றார் அவர். "டொக்டர் எனக்குச் சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்னவர். உன்ர உம்மா என்னை ஓட விடுறா."

நான் அம்மாவைப் பார்த்தேன். "அப்பாவின்ர நேத்திக்கடன் ஏதும் மிச்சம் இருக்கோ அம்மா? அதுக்குத்தானோ இவ்வளவும்?"

"அவர் தன்ர நேத்தி எல்லாம் முடிச்சிட்டுத்தான் போனவர்." அம்மா பரீதா அன்ரிக்குப் பக்கத்தில் இருந்து, பாதத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார். "இது அவருக்காக இல்லைப் பிள்ளை. ஒவ்வொரு வருசமும் சந்தி வரைக்கும் போய் அவரை அனுப்பிட்டு, நான் திரும்பி வாறனான். அந்தச் சந்திக்கு அங்கால என்ன இருக்கெண்டு எனக்கு நடந்து பாக்க வேணும்."

"எத்தனை தரம் பஸ்ஸில போயிருக்கிறம்."

"பஸ்ஸில போனால் பஸ்தான் தெரியும்."

அப்பா, இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்களுக்காக இல்லை என்று அம்மா சொன்னது உங்களுக்கு நோகாது என்று நம்புகிறேன். நீங்கள் வெருகலுக்கு நடந்த காலமெல்லாம் அம்மா வீட்டில் நிற்க ஒரு காரணம் இருந்தது. முதலில் நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். பிறகு பாதையில் போவதற்கே பயந்த காலம். அது முடிய, படுக்கையில் கிடந்த மாமியை, உங்கள் அக்காவை, பார்க்க ஆள் வேண்டும். மாமி கண்ணை மூடிய பிறகோ, அம்மா நிற்பதும் நீங்கள் போவதும் வழக்கமாகிவிட்டது. அம்மாவுக்கும் இப்படி ஓர் ஆசை இருப்பது உங்களுக்குத் தெரியுமா? ஒருநாளாவது உங்களிடம் கேட்டிருக்கிறாரா?

அன்றைக்கே, நானும் கூடப் போவதென்று, விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தேன். டொக்டர் அம்மாவின் பிரசரைப் பார்த்துவிட்டு இரண்டாம் தரமும் பார்த்தார். "போன முறையை விட நல்லா இருக்கு. என்ன செய்தனீங்கள்?" "நடந்தனான்" என்றார் அம்மா. வெயில் ஏறினால் நிழலில் தங்க வேண்டும், குளிசையைத் தவற விடக் கூடாது, கூட ஒருவர் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கூடப் போகும் அந்த ஒருவருக்குத்தான் முதல் நாள் பயிற்சியிலேயே குதிக்காலில் கொப்புளம் போட்டது. அம்மா உப்புத் தண்ணீர் வைத்து, மருந்து பூசி, "உனக்கு ஏலாட்டி நில் பிள்ளை" என்று வேறு சொன்னார்.

இந்தக் கிழமை முழுக்கப் பை கட்டுகிற வேலைதான். உங்கள் பையை அம்மா கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார், நினைவிருக்கிறதா? வேட்டி எங்கே, திருநீறு எங்கே, தேசிக்காய் எங்கே என்று கேட்கவே வேண்டாம். தன்னுடைய பையென்று வந்ததும் அம்மா கட்டிலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் போர்வை, குடை, டோர்ச், மருந்து, மாற்றுச் சேலைகள் என்று வைக்க வைக்க, அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். "ஆர் பிள்ளை இதைச் சுமக்கிறது?" கடைசியில் இரண்டு சேலை, ஒரு துவாய், மருந்து, தண்ணீர்ப் போத்தல் மிஞ்சின.

"சாப்பிட என்ன வைக்க? அப்பாவுக்குக் கட்டுற மாதிரி பொரிவிளாங்காய் உருண்டை செய்வமா?"

அம்மா துவாயை மடித்துப் பைக்குள் வைத்தார். "எனக்குப் பொரிவிளாங்காய் விருப்பமில்லை."

"என்னம்மா சொல்லுறீங்கள்? வருசா வருசம் செய்யுறனீங்கள்."

"அவருக்கு விருப்பம், செய்தனான். எனக்குப் பல்லில ஒட்டும்." பிறகு, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்கிற மாதிரி, "லெமன் பஃப் வாங்கித் தாறியா?" என்றார்.

கடைக்குப் போய் ஒரு கட்டு பிஸ்கட் வாங்கி வந்தேன். அதில் பாதி இப்போதே முடிந்துவிட்டது. அம்மாவுக்கு என்ன பிஸ்கட் பிடிக்கும் என்பதை நான் இந்த வயதில் அறிகிறேன், அப்பா.

நேற்றுப் பின்னேரம் உங்கள் கூட்டாளி சுந்தரம் மாமா வந்தார். இப்போது அவர்தான் கூட்டத்தை நடத்துகிறார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, மெதுவாக அம்மாவிடம் தொடங்கினார்.

"அக்கா, பின்னால சாமான் ஏத்திக்கொண்டு ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் வரும். ஏலாமல் போனால் வெக்கப்படாமல் அதில ஏறி இருங்கோ."

"அவர் ஒருநாளும் ஏறினதில்லையே. நானும் ஏற மாட்டன்."

சுந்தரம் மாமா கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் உங்கள் படத்தைப் பார்த்தார். "அக்கா, அது வந்து... கடைசி ரெண்டு முறையும் கிளிவெட்டியில இருந்து அவர் அதிலதான் வந்தவர். அரிசி மூட்டைக்கு மேல படுத்து நல்ல நித்திரை. கோயில் வாசலுக்குக் கிட்ட இறங்கி எங்களோட நடந்து வருவார். வீட்டில சொல்லாதே எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர்."

அம்மா உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அவர் திரும்பி வந்ததும் நான் சுடுதண்ணி வைச்சு உரஞ்சின கால்?"

"அது கிளிவெட்டி வரைக்கும் நடந்த கால்தானே அக்கா."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சத்தம் கேட்டு மதிலுக்கு மேலால் பரீதா அன்ரி எட்டிப் பார்த்தார். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்பைக் கேட்கவில்லை, அப்பா. களவாய்ச் செய்த காரியமென்றாலும் நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள்.

இப்போது பின்னேரம். எல்லாம் ஆயத்தம். கிண்ணியாவில் பரீதா அன்ரியின் தங்கை வீட்டில் முதல் தேத்தண்ணி; அன்ரி ஏற்கெனவே தங்கையிடம் போனில் சொல்லிவிட்டார். அக்கா பிள்ளைகளோடு நேரே வெருகலுக்கு வருகிறாள். வீட்டுச் சாவி பரீதா அன்ரியிடம். அம்மா முற்றத்தில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமரத்தைச் சுற்றி நடந்து பார்க்கிறார். முழங்காலைப் பற்றி எனக்குக் கவலை முற்றாகப் போகவில்லை. என்றாலும் அந்த நடையைப் பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் அம்மாவுக்கு முன்னால் நடக்க மாட்டேன். கெதியா வாங்கோ, இருங்கோ, ஏறுங்கோ என்று சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் நின்று எதைப் பார்க்க விரும்புகிறாரோ, அங்கே அவர் பார்த்து முடிக்கும்வரை நானும் நிற்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா யன்னலால் எட்டிப் பார்த்து, யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். பையைத் தோளில் சரி செய்துகொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"நான் போயிட்டு வாறன் எண்டு எழுது. இந்த முறை அவரை வீட்டைப் பாத்துக்கொள்ளச் சொல்லு."

உங்கள் சின்ன மகள்,
வனிதா