அந்தக் கிரேஸ் யாருடைய பிள்ளை?

பிள்ளைப்பாக்கம்
08.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அருள்பாண்டி எழுதுவது. நான் சுகம். சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லை.

போன வாரம் போனில் நான் "சாப்பிட்டீங்களா" என்று நான்கு தரம் கேட்டேன். நீங்கள் நான்கு தரமும் "மழை இல்லப்பா" என்றீர்கள். என் அறைக் கூட்டாளி இசக்கி சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தான். முப்பது வருஷம் கோயில் மணிக்குக் கீழே நின்ற காதோடு போன் போட்டி போட முடியாது. இனிமேல் நமக்குக் கடிதம்தான். தபால்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

இங்கே அதே வேலைதான். கார்களுக்கு சீட் பெல்ட் செய்கிற கம்பெனி, நான் கடைசிச் சோதனையில் நிற்கிறேன். இழுத்துப் பார்த்து நன்றாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போவதுதான் பெரும்பாடு. ஐந்து அறைக்கு ஒரே குளியலறை, அதில் இசக்கி பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கிறான். உள்ளதைச் சொன்னால் கிரேஸ் மட்டும் இல்லையென்றால் என் பிழைப்பு நாறியிருக்கும். போன மாதம் நான்கு தரம் கிரேஸ்தான் என்னைக் காப்பாற்றியது. எங்கள் சூப்பர்வைசர் கோதண்டம் சாருக்கும் விஷயம் தெரியும், ஆனால் கண்டுகொள்வதில்லை.

கோயிலுக்குப் போகிறாயா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அநேகமாக ஓ.டி. வேலை இருக்கிறது. முடிந்தபோது போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
அருள்பாண்டி


சீயோன்குடியிருப்பு
16.06.2025

அன்பு மகன் அருள்பாண்டிக்கு அப்பா வேதமாணிக்கம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அந்தக் கிரேஸ் யாருடைய பிள்ளை? எந்தச் சபை? திருவிருந்து எடுப்பதற்கான திடப்படுத்தல் ஆயிற்றா?

பெயர் நல்ல பெயர், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் "காப்பாற்றியது" என்று எழுதியிருக்கிறாய். நம் ஊரில் வீட்டுப் பெண்பிள்ளையைத்தான் "அது வந்துச்சு, இது போச்சு" என்போம். அவ்வளவு உரிமை வந்துவிட்டதென்று தெரிகிறது. உன் சூப்பர்வைசருக்கே தெரிந்து, அவரும் கண்டுகொள்ளாத அளவுக்குப் போயிருக்கிறது. பெற்றவனுக்குத்தான் கடைசியில் தெரிகிறது. உன் அம்மா இருந்திருந்தால் இந்நேரம் ஒரு பையில் முறுக்கைப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளையைப் பார்க்க பஸ் ஏறியிருப்பாள். நான் கோபத்தில் எழுதவில்லை. யார் எவர் என்று மட்டும் எழுது.

இங்கே புது ஐயர் வந்திருக்கிறார். முப்பத்திரண்டு வயதுதான், குரல் மட்டும் ஐம்பது வயதுக்காரர் குரல். முதல் ஞாயிறு திருவிருந்து முடிந்ததும் என்னிடம் வந்து, "நீங்க ஏன் பந்திக்கு வரல?" என்று கேட்டார். "கிண்ணம் கழுவ வேண்டியிருந்துச்சு ஐயரே" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிதோறும் உபவாச ஜெபத்துக்குப் போகிறேன். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டினேன், அம்மாவுடையதைச் சுற்றிக் கூடுதலாக வெட்டினேன். கால் வலி இருக்கிறது. கிடக்கட்டும்.

அப்பா


பிள்ளைப்பாக்கம்
29.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இசக்கிக்கு வாசித்துக் காட்டியது என் தப்பு. இப்போது மாடி முழுக்க என்னை "கிரேஸ் மாப்பிள்ளை" என்கிறார்கள்.

அப்பா, கிரேஸ் பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. எங்கள் ஷிப்டு ஆறு மணிக்கு. கேட்டில் முகத்தைக் காட்டினால் வருகையைப் பதிகிற மெஷின் ஒன்று உண்டு. ஆறு மணிக்கு மேல் பத்து நிமிஷம் வரைக்கும் அதில் பச்சை விளக்கு எரியும். அதற்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகவே எழுதிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் இங்கே கிரேஸ் டைம் என்று பெயர், சுருக்கமாகக் கிரேஸ். ஆறு பத்துக்கு மேல் சிவப்பு, அரை நாள் போச்சு. முறுக்குச் சுட்டிருந்தால் நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்.

வீட்டுக்கார சரோஜாம்மாவிடமும் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்குக் கிரேஸ் பெரிதாகப்படவில்லை, ஐயர் என்று சொன்னதில்தான் நின்றுவிட்டார். "இன்னாபா, உங்க கோயில்லயும் ஐயருதான் கீறாரா?" என்றார். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம் என்றேன். "அப்ப உங்க அப்பா இன்னா பண்றாரு?" என்று கேட்டார். கோயில்குட்டி, மணியடிப்பார், பெருக்குவார், திருவிருந்துக்கு மேசை விரிப்பார், அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைப்பார் என்றேன். "அல்லாம் ரெடி பண்ணி வச்சிட்டு கடைசில அவரும் துன்னுவாருல்ல?" என்றார்.

அதைக் கேட்டதும் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் திருவிருந்து எடுத்து முடித்த பிறகுதானே கிண்ணம் கழுவுவார்கள்? சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் கடைசி ஆளாகப் போய் முழங்காலிட்டு எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கழுவப் போவீர்கள். எத்தனை நாளாகப் போகவில்லை? ஒளிக்காமல் எழுதுங்கள்.

அருள்பாண்டி


சீயோன்குடியிருப்பு
08.07.2025

அன்பு மகனுக்கு,

கிரேஸ் விஷயம் தெளிந்தது. பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். வீட்டுக்கு ஒரு மருமகள் வருகிறாள் என்று ஐயரம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதை இப்போது போய்த் திரும்ப வாங்க வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில் மூன்று வருஷம். அம்மா போனதிலிருந்து.

உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அன்றைக்கு அசனப் பண்டிகை. ஊரே கோயில் முற்றத்தில் சேர்ந்து சாப்பிடுகிற நாள். இருபது கிடாரம் அடுப்பில் இருந்தது. அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, கூப்பிடுகிறாள் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்தார். முதல் பந்திக்கு மணியடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அடித்துவிட்டுத்தான் போனேன். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் போயிருக்கிறாள். அடக்கம் முடிந்ததும் நீ சொன்னாய், "அந்த மணிக்கு இருந்த மதிப்பு அம்மாவுக்கு இல்லாமப் போச்சு" என்று. அதற்குப் பிறகு நீ ஊருக்கு வரவில்லை. நீ சொன்னதில் தப்பில்லை.

அப்படிப்பட்டவன் எந்தக் கையால் அந்த அப்பத்தை வாங்குவது? பாத்திரம் கழுவுகிறவன் நான், பாத்திரவான் இல்லை. அதனால் மற்றதையெல்லாம் செய்கிறேன். உபவாசம் விடுவதில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் குழி வெட்டுமட்டும் கூட நிற்கிறேன். இப்படியே செய்துகொண்டிருந்தால் ஒரு நாள் தகுதி வரும் என்று ஒரு எண்ணம். வரக் காணோம். நான் அடித்த மணி அத்தனையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒரு மணி மறு தட்டில் கனக்கிறது.

இதை ஐயரிடம் சொல்லிவிட்டேன். நம்முடைய செய்கையால் யாரும் ரட்சிக்கப்படுவதில்லை, விசுவாசித்தால் போதும் என்கிறார். நம்பினால் போதும் என்று எல்லாரும் உட்கார்ந்துவிட்டால் மணியை யார் அடிப்பது என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

நேற்று முன்தினமும் மேசை விரித்தேன். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டு வைத்திருந்தேன், நன்றாக இருந்தது.

அப்பா


பிள்ளைப்பாக்கம்
20.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவதென்று ஒரு வாரமாகத் தெரியவில்லை. வியாழக்கிழமை கம்பெனியில் ஒன்று நடந்தது. அதையே எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் எல்லப்பன் என்று ஒருவர் கூட்டிப் பெருக்குகிற வேலையில் இருக்கிறார். சேரப்பணஞ்சேரியிலிருந்து சைக்கிளில் வருவார். ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தேகாலுக்கே வந்துவிடுவார். கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பெருக்குவது அவர் வேலை இல்லை, அதையும் பெருக்குவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் லேட்டாக வந்ததில்லை என்று அவர் சொல்ல வேண்டியதில்லை, கேட்டில் நிற்கிறவர்களே சொல்வார்கள்.

அன்றைக்கு நான் வழக்கம்போல ஆறு மணிக்கு மேல் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடினேன். எல்லப்பன் எதிர் டீக்கடையில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். வழியில் பஞ்சராம். "உள்ள வாங்கண்ணே, ஆறு அஞ்சுதான் ஆவுது" என்றேன். எனக்கும் இந்த ஊர்ப் பேச்சு ஒட்டிவிட்டது. "டைம் பூடுச்சிபா. இன்னா மூஞ்ச வச்சிகினு உள்ள வர்றது?" என்றார். கிரேஸ் இருக்கிறதே என்றேன். "அது உங்கள மாதிரி பசங்களுக்கு. எனுக்கு எதுக்கு?" என்றார்.

நான் உள்ளே போய்விட்டேன். அவர் அங்கேயே நின்றார். பச்சை விளக்கு எரிகிறது, கேட்டும் திறந்திருக்கிறது, அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்று, விளக்கு சிவப்பானதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கோதண்டம் சார் தலையில் அடித்துக்கொண்டார். "லேட்டா வர்றவனுக்குதான்யா கிரேஸு. டைமுக்கு வர்றவனுக்கு அது இன்னாத்துக்கு? கம்பெனி சும்மா குடுக்குது, வாங்கிக்கினு உள்ள வராம வெளிய நின்னுகினு இன்னா பெரும?" என்றார். மறுநாள் எல்லப்பன் ஐந்து மணிக்கே வந்து ரோட்டை இரண்டு தரம் பெருக்கினார். முந்தின நாள் கூலி திரும்பி வரவில்லை.

அன்று மதியம் கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது அப்பா. பிரசங்கம் பண்ண எனக்குத் தெரியாது. மாதத்தில் நான்கு நாள் கிரேஸில் நுழைகிறவன், அவ்வளவுதான். உள்ளே நுழைந்த பிறகு என் வேலையை நன்றாகத்தான் செய்கிறேன். ஆனால் அந்த வேலைக்காக மெஷின் எனக்குப் பச்சை காட்டவில்லை. அதற்கு முன்னாலேயே காட்டிவிட்டது.

இன்னொன்று. நீங்கள் வெளியே நிற்பதற்கு நானும் காரணம். அடக்கத்தன்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மணிச் சத்தம் கேட்டால் அந்த நாள் ஞாபகம் வருகிறது என்றுதான் இங்கேயும் கோயிலுக்குப் போகாமல் இருந்தேன். ஓ.டி. என்று எழுதியது பாதிப் பொய். அம்மா இருந்திருந்தால் உங்களை இரண்டு நாள் பேசாமல் வைத்திருந்து மூன்றாம் நாள் மீன் குழம்பு வைத்திருப்பாள். நான்தான் மூன்று வருஷம் இழுத்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

இன்று காலை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கோயிலுக்குப் போனேன். இரண்டாம் பாட்டுப் பாடும்போதுதான் போய்ச் சேர்ந்தேன். கடைசிப் பெஞ்சில் இடம் இருந்தது.

உங்கள் மகன்,
அருள்பாண்டி


சீயோன்குடியிருப்பு
05.08.2025

என் அருமை மகன் அருள்பாண்டிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அந்த எல்லப்பன் பேரில் எனக்கு முதலில் ஒரே கோபம். கேட்டுத் திறந்து கிடக்கிறது, கூப்பிடுகிறார்கள், வராமல் நிற்கிறானே, இவனுக்கு எவ்வளவு திண்ணக்கம் என்று. கோழிக்குத் தண்ணீர் வைக்கும்போதும் அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் யாரைத் திட்டுகிறேன் என்று புரிந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எனக்கு நானே பூசாரியாக இருந்திருக்கிறேன்.

நேற்று முன்தினம் முதல் ஞாயிறு. வழக்கம்போல மேசை விரித்தேன். எல்லாப் பந்தியும் முடிந்து கடைசி ஆளும் எழுந்து தன் இடத்துக்குப் போயாயிற்று. நான் பின் அறையில் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐயர் மீதியைத் துணி போட்டு மூடப்போகிறார், கதவு இடுக்கில் தெரிகிறது. எனக்கு உன் பச்சை விளக்கு ஞாபகம் வந்தது. ஆறு ஒன்பது ஆகியிருக்கும் என்று நினைத்தேன். தோளில் துண்டு, கையெல்லாம் ஈரம், செருப்பில்லாத காலில் சேறு. துடைக்கக்கூட நிற்காமல் போய் முழங்காலிட்டுவிட்டேன். துடைத்துவிட்டுப் போவோம் என்று நின்றிருந்தால் இன்னொரு மூன்று வருஷம் துடைத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

ஐயர் துணியை எடுத்துவிட்டுக் கொடுத்தார். ஈரக் கையிலேயே வாங்கினேன். எல்லாரும் பார்க்க அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும். பிறகு போய்க் கிண்ணங்களைக் கழுவினேன். அதே கிண்ணம்தான், அதே தண்ணீர்தான், ஆனால் கடன் கழிக்கிறவன் மாதிரி கழுவவில்லை. ஏதோ பாட்டுக்கூடப் பாடியிருக்கிறேன் போல, ஐயரம்மா சொன்னார்கள்.

உன்னை மன்னிக்க என்ன இருக்கிறது. மீன் குழம்பு விஷயம் உண்மை. மூன்றாம் நாள்கூட அல்ல, இரண்டாம் நாளே வைத்துவிடுவாள்.

ஐப்பசியில் அசனம் வருகிறது. ஊருக்கு வா. லீவு கிடைப்பது கஷ்டம் என்றால் கோதண்டம் சாரிடம் உன் அப்பாவுக்குக் கொஞ்சம் கிரேஸ் கேள். பஸ் லேட்டானால் பதறாதே, கடைசிப் பந்தி வரைக்கும் சோறு உண்டு. உனக்குப் பக்கத்தில் இலை போட்டு நானும் உட்காருவேன். மணியை இந்த வருஷம் வேறு யாராவது அடிக்கட்டும் என்று ஐயரிடம் சொல்லிவிட்டேன்.

உன் அப்பா,
வேதமாணிக்கம்