நாற்பது நாள் லீவுக்கு ஒரு வரைபடம்

1996 ஆனி, வெள்ளி இரவு

இவர் சவுதியிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்து மூன்று நாளாகிறது. ஆசிரியர் பயிற்சியில் கற்றுத்தந்த மனவரைபடத்தை வைத்து, இவர் முடிக்கவேண்டிய வேலைகளை வரைந்து காட்டினேன். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் இவர் பெயர். சுற்றிலும் கிளைகள்: ஒழுகுகிற மாடி, மாமிக்குக் கண் வைத்தியம், இவர் தங்கச்சிக்கு மாப்பிள்ளை, ரேஷன் கார்டு.

"ஏட்டி, நான் லீவுக்கு வந்திருக்கேனா, தாலுகா ஆபீஸ் வேலைக்கு வந்திருக்கேனா?" என்று சிரித்தார். பிறகு பென்சிலை வாங்கி, புதிதாக ஒரு கிளை இழுத்து 'சும்மா' என்று எழுதினார்.

"சும்மான்னா என்ன மச்சான்?"

"உங்கூடச் சும்மா உக்காந்திருக்கது."

மாடியையும் ரேஷன் கார்டையும் நானே ரப்பரால் அழித்துவிட்டேன். மாமி கேட்டால் என்ன சொல்வேனோ.

"இன்னும் என்னட்டி எழுதுத?" என்று கூப்பிடுகிறார். போகிறேன்.