ஓய்ந்துபோகாத அப்பீல்

ஒரே வயிற்றில் எனக்கு முன்னே பிறந்த என் பேச்சியக்காவுக்கு,

நாம் ஜெயித்துவிட்டோம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கதையானாலும் முடிவைக் கேட்டுக்கொண்ட பிறகுதானே நீ உட்கார்ந்து கேட்பாய்?

போன செவ்வாய்க்கிழமை தென்காசி கோர்ட்டில் ஜட்ஜ் அம்மா தீர்ப்பு சொன்னார். உன்னைக் குற்றவாளி என்றது செல்லாது. அதற்கு இங்கிலீஷில் 'அக்விட்டட்' என்று பேர். அந்தச் சொல் என் வாயில் சரியாக வர மூன்று நாள் ஆனது. இப்போது தூக்கத்திலும் சொல்லுவேன்.

ஆறு வருஷம் நீ சமைத்துப் போட்ட வீட்டில் ஒரு செயின் காணாமல் போனது. அந்த வீட்டம்மா உன் பேரைச் சொன்னாள். அன்று சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து உன்னை அழைத்து வரும்போது, "எழுதி வச்சிருந்த பேப்பர்ல கையெழுத்துப் போட்டாதான் விடுவோம்னாவ. போட்டுட்டேன்" என்றாய். உன் வீட்டு அரிசி டிரம்மிலிருந்து செயினைப் போலீஸ் கண்டெடுத்ததாக அதில் எழுதியிருந்தது நமக்குப் பிறகுதான் தெரிந்தது.

கீழ்க்கோர்ட்டில் ஒரு வருஷம் ஜெயில் என்றார்கள். அப்பீல் போட்டு பெயில் வாங்கி உன்னைக் கூட்டி வந்தேன். பஸ்ஸில் நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

"ஏட்டி கோமதி, கன்விக்ட்டுன்னா என்னட்டி? என்னயத்தான அப்படிச் சொன்னாவ?"

குற்றவாளி என்று எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். அந்தப் பொய்க்கு என்னை மன்னித்தாயா?

நம் தெருவில் அந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்க் குழாயடிக்கு நீ வந்தால், நின்றிருந்த பெண்கள் கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் இழுத்து விட்டுக்கொண்டார்கள். நீ குடத்தைப் பார்த்தபடியே நின்றாய். மறுவாரத்திலிருந்து தண்ணீருக்கு வரவே இல்லை. அப்புறம் மஞ்சள்காமாலை வந்தது. அப்பீல் விசாரணைக்கு வருமுன் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்த மறுநாளே வக்கீல் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன்.

"ஆளு போயாச்சு. இனி அப்பீல் அபேட் ஆயிரும்மா. ஜெயிலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. விட்டுருங்க" என்றார்.

"அபேட்டுன்னா என்ன அண்ணாச்சி?"

"ஓஞ்சு போறது."

"அப்போ கீழ்க்கோர்ட்டு அவள திருடின்னு சொன்னது?"

"அது அப்படியே நிக்கும்."

மழை ஓயும். காய்ச்சல் ஓயும். இது எப்படி அக்கா ஓயும்?

"ஜெயிலுக்குப் பயந்தா நாங்க அப்பீல் போட்டோம்? அவ எடுக்கல, அதுக்குத்தான போட்டோம். ஓய விடமாட்டேன் அண்ணாச்சி."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகுதான் சொன்னார். இறந்த முப்பது நாளைக்குள் நெருங்கிய சொந்தம் மனுப் போட்டால், அப்பீலை நடத்தக் கேட்கலாமாம். "கூடப்பொறந்தவ நான் இருக்கேன், போடுங்க" என்றேன்.

வீட்டில் என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "செத்தவளுக்கு எதுக்குட்டி கோர்ட்டு? ஊரு மறந்துரும்" என்றார். ஊர் மறக்கிற அளவுக்கு நீ என்ன செய்துவிட்டாய் என்று கேட்டேன். மனுப் போடுகிற அன்று அவர்தான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். கோர்ட்டும் அனுமதி கொடுத்தது.

கீழ்க்கோர்ட் தீர்ப்பு முழுக்க இங்கிலீஷ். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். தையல் கடையில் மத்தியானச் சோற்றுக்கு மெஷினை நிறுத்தியதும் அகராதியைப் பிரித்துவிடுவேன். தெஃப்ட், விட்னஸ், எவிடன்ஸ். ஒரு பக்கம் படிக்க ஒரு வாரம் போனது. 'அக்யூஸ்ட்' என்று வருகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் உன் பேரை எழுதினேன். பேச்சியம்மாள், பேச்சியம்மாள். இல்லாவிட்டால் யாரோ ஒருத்தியைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது.

அதில் ஓரிடத்தில் உன் வீட்டை 'டைல்ட் ஹவுஸ்' என்று போட்டிருந்தது. வக்கீலிடம் கொண்டுபோய், "டைல்ஸ் பதிச்ச வீடா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, ஓட்டு வீடு."

"அவ வீட்டுல ஏது ஓடு? கட்டுன நாள்ல இருந்து தகரம்லா!"

அவர் காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். செயினைக் கண்டெடுத்ததாகப் போலீஸ் எழுதியதிலும் ஓட்டு வீடுதான். உன் வீட்டு வாசலையே மிதிக்காமல் எழுதியிருக்கிறார்கள். இத்தனை நாள் இதை யாருமே பார்க்கவில்லையா? நான்கூடத்தான் பார்க்கவில்லை.

தகரக் கூரை என்று எழுதியிருக்கிற வீட்டுவரிப் பதிவேட்டின் நகலை வாங்கிக் கொடுத்தேன். செயினைக் கண்டெடுத்ததற்குச் சாட்சி என்று கையெழுத்துப் போட்டவர், உன் வீட்டுக்குத் தான் போனதே இல்லை என்று முன்பே கோர்ட்டில் சொல்லியிருந்தார். இரண்டையும் வைத்து வக்கீல் வாதாடினார். சந்தேகத்தின் பலன் என்று எழுதி, பட்டும் படாமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். ஜட்ஜ் அம்மா அப்படி எழுதவில்லை. உன் வீட்டில் செயினைக் கண்டெடுத்ததாகச் சொன்னதே பொய் என்று எழுதிவிட்டார். செயினைத் திருடியது யார்? இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை.

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் நேரே நீ சமைத்த வீட்டுக்குப் போனேன். வெளிக்கேட்டில் நின்று, பொய் என்று ஜட்ஜ் அம்மா எழுதிய வரியை இங்கிலீஷில் வாசித்தேன். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னேன். வீட்டம்மா ஜன்னலைச் சாத்தினாள். சாத்தட்டும். இப்போது அங்கே சமைக்கிறவள் மாவுக் கையோடு வெளியே வந்து கடைசிவரை கேட்டாள்.

நேற்று அவள் என் தையல் கடைக்கு வந்தாள். அவள் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். "அக்கா, சம்மன்னு ஒண்ணு வந்திருக்கு. என்னன்னு பாத்துச் சொல்லுதியளா?" என்று நீட்டினாள்.

திங்கட்கிழமை அவளோடு கோர்ட்டுக்குப் போகிறேன். ஒரு எழுத்து விடாமல் வாசித்துச் சொல்வேன் அக்கா. எந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாலும், இனி தெரியாது என்று சொல்லமாட்டேன்.

உன்னைத் திருடி என்று சொல்ல விடாத,
உன் கூடப்பிறந்தவள்,
கோமதி,
சங்கரன்கோவில்.